நிறுத்தத் தெரியாத தொப்பி

ரெண்டு வாரம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குள் நுழைந்து, “உல்லன் நூல் இருக்காண்ணே?” என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். வெளியே தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“வாசல் தோரணத்துக்காம்மா?”

“இல்லண்ணே. தொப்பிக்கு.”

“பொம்மைக்கா?”

“மனுசனுக்கு.”

அவர் ஃபேனை ஒரு பாயிண்ட் கூட்டி வைத்தார். எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசியோடு ஒரு பையை இறக்கினார். கிளிப்பச்சை, ரோஸ், ஆரஞ்சு. வேறு கலர் கிடையாது.

“மிலிட்டரிப் பச்சை இல்லையாண்ணே?”

“இதுவும் பச்சைதானம்மா?”

அதுவும் சரிதான். மொத்தப் பையையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு தொப்பிக்கு எதற்கு ஒரு பை நூல் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும் — பிள்ளைக்கு அடுத்த கிறுக்கு பிடித்துவிட்டது. ஆமாம். சோப்பு காய்ச்சினேன், வீடே சொறிந்துகொண்டது. மாடியில் காளான் வளர்த்தேன். காளானைத் தவிர மற்ற எல்லாம் வளர்ந்தது. உகுலேலே வாசித்ததைப் பற்றி வேண்டாம்... பக்கத்து வீட்டுக்காரர்களும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள்.

ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. நிஜமான காரணம். ரெண்டு காது.

என் சித்தி மகன் செல்வம் பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே, பனிமலையில். லீவில் சொந்த ஊரான மம்சாபுரம் வந்தவனைப் பார்க்கப் போனேன். காது ரெண்டும் மேல் விளிம்பு கறுத்து, தோல் உரிந்து, தண்ணீர் காணாத வயல் மாதிரி வெடித்துக் கிடந்தன. குளிர் தின்ற காது.

“ஏன்டா, தொப்பி குடுக்க மாட்டாங்களா?”

“குடுக்காங்கக்கா. நல்ல தொப்பிதான். நம்ம தலைக்குத்தான் பத்த மாட்டேங்கு. காத மூடுனா நெத்தி தெரியுது. நெத்திய மூடுனா காது வெளிய வருது.”

தப்பு பட்டாளத்தின் மேல் இல்லை. எங்கள் குடும்பத் தலைமேல். மற்றதையெல்லாம் அளந்து வைத்த ஆண்டவன், எங்களுக்குத் தலையை மட்டும் அள்ளி வைத்துவிட்டான். (உள்ளே என்ன வைத்தான் என்பது வேறு விஷயம்.) ஒரு ஹெல்மெட் வாங்க மதுரை வரைக்கும் போய் வந்த பரம்பரை இது.

சித்தி அந்தக் காதுகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதாள். “இந்தத் தடவ தோலு போச்சு. அடுத்த தடவ வரும்போது காது இருக்குமோ, என்னமோ...”

“அழாத சித்தி. அவன் தலைக்கு அளவெடுத்து, காத மூடுற மாதிரி ஒரு தொப்பி நானே பண்ணித் தாரேன்.”

சொல்லிவிட்டேன். எனக்கு நாக்கு முதல் பஸ்ஸில் போய்விடும். மூளை அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேரும்.

‘ஏன், அந்தத் தொப்பியையே ஆன்லைனில் வாங்கியிருக்கலாமே?’ என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம். பெரிய சைஸ், உல்லன், காதுக்கு மடிப்பு, எல்லாம் இருந்தது. ஆனால் என் தலைமுறையின் பெருமை என்ன தெரியுமா? தேவையான பொருளை வாங்க மாட்டோம். அதைச் செய்கிற மிஷினை வாங்குவோம்.

வாங்கினேன். வட்டப் பின்னல் மிஷின். திருப்பூரில் பனியன் துணி ஓட்டுகிறார்களே, ஆள் உயர மிஷின் — அதைத் துவைத்துச் சுருங்கவிட்ட மாதிரி ஒரு பிளாஸ்டிக் சமாச்சாரம். உள்ளே வட்டமாகக் கொக்கி ஊசிகள் நிற்கும். நூலை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், ஒவ்வொரு ஊசியாகத் தலையைத் தூக்கி, நூலைக் கவ்வி, ஒரு கண்ணி போட்டுவிட்டு உட்காரும். சுற்றச் சுற்ற அடியில் குழாய் மாதிரி துணி இறங்கும். போதுமான நீளம் வந்ததும் நிறுத்தி, ரெண்டு முனையையும் சுருக்குப் பை மாதிரி இழுத்துக் கட்டி, ஒரு பாதியை மறு பாதிக்குள் திணித்தால் தொப்பி ரெடி. இரட்டைத் துணி. எந்தத் தலைக்கும் இழுபடும். எங்கள் தலைக்கும்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்கார அம்மா காபி ஆறுவதற்குள் ஒரு தொப்பியை முடித்தார். நான் டபுள் ஸ்பீடில் பார்த்ததால், எனக்குக் காபி கொதிப்பதற்குள் முடித்துக் கொடுத்தார்.

மேலே ‘நிறுத்தி’ என்று ஒரு வார்த்தை வந்ததே... கவனித்தீர்களா?

நானும் கவனிக்கவில்லை.

‘வந்துகொண்டிருக்கிறது’ என்று தினமும் செய்தி அனுப்பிய பார்சல், செல்வம் கிளம்புகிற நாள் காலையில்தான் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அவனுக்கு ரயில். மிஷினையும் நூல் பையையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு மம்சாபுரம் ஓடினேன். ஒர்க் ஃப்ரம் ஹோம்தானே? யார் ஹோம் என்று ஆபீஸில் இதுவரை யாரும் கேட்டதில்லை.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மிஷின்களோடு நன்றாகப் பேசுவார். பெற்ற மகனோடு பேசுவது மட்டும் சித்தி வழியாகத்தான். “அவனுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு” என்பார். ‘அவன்’ அதே வரிசையில், கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

மகனை வழியனுப்ப இதுவரை ஒரு தடவைகூட ஸ்டேஷனுக்குப் போனது கிடையாது. “ரயிலு அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போகும். நான் போயி என்ன, கொடியா ஆட்டப் போறேன்?”

அப்பேர்ப்பட்ட மனிதர், நான் அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் எழுந்து வந்தார். மிஷினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை போட்டார். ஊசியை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

“எண்ணெ விட்டியா?”

“பிளாஸ்டிக் சித்தப்பா.”

“பிளாஸ்டிக்குன்னா? மிஷினுதான?”

விட்டார். பிறகு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வந்தன. புது மிஷினைப் பொட்டு வைக்காமல் ஓட்டினால் அவருக்கு ஆகாது. பிளாஸ்டிக் தொப்பி மிஷின், கொலுவில் வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

சாம்பிராணி வாசனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொண்டம்மா அத்தை வந்தார். அதே மில்லில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டும் வேலை பார்த்தவர். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஆச்சரியம் வந்தால் ரெண்டும்.

“அய்யய்யோ, ஏமி இது? ராட்டினமா?”

“தொப்பி மிஷினு அத்தே.”

“இந்த வெயில்ல தொப்பி போட்டா மண்டை வெந்துராதாட்டி?”

செல்வத்தின் தலையைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளவெடுத்தேன். நூலைப் பார்த்துவிட்டு கொண்டம்மா அத்தை, “இது தலைக்கு எடுத்ததா, இடுப்புக்கு எடுத்ததா?” என்றார். செல்வம் சிரித்துக்கொண்டே, கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ராஜபாளையத்துக்குக் கிளம்பிவிட்டான்.

முதல் முயற்சியில் கிடுகிடுவென்று சுற்றினேன். நாலைந்து ஊசி நூலைக் கவ்வவில்லை; எலி கடித்த வலை வந்தது. பிரித்தேன். ரெண்டாவது முயற்சியில் நிதானமாகச் சுற்றினேன். வந்தது! கிளிப்பச்சையில், அழகாக, குழந்தை கால்சட்டை மாதிரி ஒரு குழாய் எட்டிப் பார்த்தது. சித்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மெத்து மெத்துன்னு இருக்குட்டி. காதுல உறுத்தாது” என்றாள்.

அப்போதுதான் ஆபீஸிலிருந்து மீட்டிங் அழைப்பு. சித்தி வீட்டில் சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் பக்கத்தில் மட்டும்.

மிஷினில் ஒரு சின்ன மீட்டர் உண்டு. எத்தனை சுற்று ஓடியது என்று காட்டும். வீடியோவில் சொன்ன எண்ணைச் சித்தப்பாவிடம் சொல்லி, “செத்த நேரம் சுத்துங்க சித்தப்பா. மீட்டர்ல இது வந்தா போதும்” என்று ஒப்படைத்துவிட்டு மேலே ஏறினேன்.

மீட்டிங் எதைப் பற்றி? ஒரு ஆப்பில் ஒரு பட்டன் நீலமாக இருக்க வேண்டுமா, இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்க வேண்டுமா என்பதைப் பற்றி. படித்தவர்கள் பதினைந்து பேர். மதியச் சோறு தாண்டியும் முடிவு வரவில்லை. கீழேயிருந்து முதலில் ‘கட கட கட’ என்று சத்தம் கேட்டது. பிறகு அது ‘ங்ங்ர்ர்ர்’ என்று மாறியது. “வித்யா, உங்க பக்கம் ஏதாவது கன்ஸ்ட்ரக்ஷனா?” என்று கேட்டார் மேனேஜர். மைக்கை அணைத்துக்கொண்டேன். கீழே போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பட்டன் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக இறங்கி வந்தேன்.

ரெண்டு பெஞ்சுக்கு நடுவில் மிஷின். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சுவரில் ஓட்டை போடுகிற டிரில் மிஷினை மாட்டியிருந்தார் சித்தப்பா. எதிரே கொண்டம்மா அத்தை, நூல் மேல் வைத்த கண் எடுக்காமல். ஒரு உருண்டை தீர்ந்தால் அடுத்த உருண்டையின் நுனியைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிடுகிறார். சித்தி கீழே உட்கார்ந்து, இறங்கி வருகிற துணியைச் சேலை கொசுவம் மாதிரி மடித்து மடித்து அழுக்குத் துணிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூடை நிறைந்து, வழிந்து, கட்டிலுக்கு அடியில் போய்... பிளவக்கல் டேம் பக்கம் மலைப்பாம்பு பிடித்ததாகப் படம் வருமே, அப்படி. கிளிப்பச்சை முடிந்து, ரோஸ் முடிந்து, பாம்பு இப்போது ஆரஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

“நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க சித்தப்பா!”

“ஏன், என்ன கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்ல. தொப்பி எப்பவோ முடிஞ்சு போச்சு!”

“கோளாறு இல்லேன்னு நீயே சொல்லுத. பொறவு ஏன்டி நிப்பாட்டணும்? நூல் இருக்குல்ல?”

“மீட்டர்ல நம்பர் சொன்னேனே!”

“அது நீ மாடி ஏறி முடிக்கும் முன்ன வந்துருச்சு” என்றார் கொண்டம்மா அத்தை, பெருமையாக. “அது மாதிரி எம்புட்டோ ஓட்டியாச்சு.”

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் சாமிக்குக்கூட மத்தியானம் நடை சாத்துவார்கள். மில்லுக்குச் சாத்த மாட்டார்கள். ஷிப்ட் மாறும், ஆள் மாறும், இழை அறுந்தால் பிடித்து ஒட்டுவார்கள், மிஷின் நிற்காது. ஆயுளில் பாதியை அதற்குள் கழித்தவரிடம் போய், ‘இந்த நம்பர் வந்தா போதும்’ என்றால் என்ன அர்த்தம்? நான் எல்லையைச் சொன்னதாக நினைத்தேன். அவர்கள் காதில் டார்கெட்டாக விழுந்திருக்கிறது. டார்கெட் எதற்கு இருக்கிறது? தாண்டுவதற்கு!

எங்கள் ஊர்க்காரரிடம் எதைக் கொடுத்தாலும் ஓட்டிக் காட்டுவார். ‘ஏன் ஓட்டுகிறோம்’ என்று மட்டும் கேட்கக் கூடாது. சிரிக்காதீர்கள். மேலே பதினைந்து பேர் ஒரு பட்டனை அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசி உருண்டை துள்ளிக்கொண்டிருந்தது. எனக்கு வீடியோவின் ஒரு எச்சரிக்கை ஞாபகம் வந்தது. நூல் தீர்ந்த பிறகும் சுற்றினால், கண்ணிகள் ஊசியிலிருந்து நழுவி, பின்னியது பின்னாலேயே பிரிந்துவிடும்! பாய்ந்து போய் டிரில் மிஷினின் பிளக்கைப் பிடுங்கினேன்.

வீடு அமைதியானது. மூன்று பேரும் என்னை, ஓடுகிற ரயிலில் சங்கிலியைப் பிடித்து இழுத்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

கண்ணிகளுக்குள் நூலைக் கோத்து இழுத்துக் கட்டி, முனைகளை மூடினேன். இப்போது கையில் தொப்பி இல்லை. தொப்பி பின்னுவதற்கு நூலும் இல்லை. கடைக்காரரிடமும் இல்லை, எல்லாவற்றையும் நான்தானே அள்ளிக்கொண்டு வந்தேன்! செல்வம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அக்கா... இது தொப்பியா?”

“தொப்பிதான்டா. கொஞ்சம் கூடிருச்சு.”

“கொஞ்சமா! எங்க ஆளுகள வரிசையா நிப்பாட்டி எல்லாருக்கும் சேத்து மாட்டலாம் போல இருக்கு. அதுவும் இந்தக் கலரா? எதிரிக்கு டார்ச்சே வேண்டாம்க்கா.”

ஒரு முனையில் தொப்பி அளவுக்கு வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டினால் பிரியுமா, பிரியாதா? அந்த இடத்தைத்தான் வீடியோவில் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தேன்.

“ஏட்டி!” சித்தப்பா ஓடி வந்தார். “ஓட்டி இறக்குன துணியில கத்திரி வைக்கியா? கீழ வைட்டி அத.”

“அப்ப எப்பிடி சித்தப்பா தலையில போடுறது?”

அவர் கத்தரிக்கோலை வாங்கி அலமாரியில் வைத்தார். சித்திதான் பேசினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“காத மூடுத தொப்பின்னு சொன்னியேடி...”

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மலைப்பாம்பை ஒரு கட்டைப்பையில் திணித்து, சும்மா ஒரு ஞாபகத்துக்காகவாவது இருக்கட்டும் என்று ஆட்டோவில் ஏற்றினேன். செல்வம் ஏறினான். சித்தி ஏறினாள். நான் ஏறப்போனபோது, சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“தள்ளி உக்காருங்க.”

சித்தி திகைத்துப்போய்ப் பார்த்தாள். “நீங்க எங்க வாரிய?”

“அந்தப் பையி... நீங்க சரியாப் பிடிக்க மாட்டிய. தரையில இழுபடும்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன். வெயில் இறங்கியும் பிளாட்பாரம் தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. ரயில் வருகிற அறிவிப்பு கேட்டதும் சித்தி அழ ஆரம்பித்தாள். சித்தப்பா தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கட்டைப்பைக்குள் கையை விட்டார்.

“ஏலே. குனி.”

சித்தி வழியாக இல்லை. நேராக.

செல்வம் குனிந்தான். சித்தப்பா பச்சை முனையை மகனின் உச்சந்தலையில் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் சுற்ற ஆரம்பித்தார். வயலுக்குப் போகிறவர்கள் துண்டால் உருமா கட்டுவார்களே, அந்தக் கட்டு. ஒரு சுற்று நெற்றியில். அடுத்த சுற்று இறங்கி, வெடித்த காதுகளின் மேல். ஒன்றின்மேல் ஒன்றாக... பச்சையின்மேல் ரோஸ், ரோஸின்மேல் ஆரஞ்சு. தாடைக்கு அடியில் ஒரு வளைவு கொடுத்து, பிடரியில் செருகினார். அப்படியும் மிச்சம் இருந்தது. அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டார். அப்படியும் மிச்சம் தொங்கியது.

குடும்பத் தலைக்கு முதல்முறையாக ஒன்று பத்தியது.

பிளாட்பாரமே பார்த்தது. கோடையில், மூன்று கலர் உல்லன் உருமா கட்டிக்கொண்டு ஒரு பட்டாளத்துக்காரன். நெற்றியிலிருந்து வேர்வை ஓடையாக இறங்கியது. அவிழ்க்கவில்லை. சித்தி அழுகையை நிறுத்திவிட்டு, ரெண்டு காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு ஓரம்கூட வெளியே தெரியவில்லை.

ரயில் வந்தது. செல்வம் படியில் ஏறி நின்றான். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“போனதும் ஒரு போன் போடு.”

நானும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த மனிதர் தன் மகனிடம் இப்படி ஒரு வாக்கியம் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

செல்வம் குனிந்தான். “என்னப்பா?”

கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? காதுதான் மூடியிருக்கிறதே! நான் செய்ய நினைத்தது ரெண்டு மடிப்பு. அவன் அப்பா கட்டியது எத்தனையோ மடிப்பு.

“ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல. பாத்து நில்லு” என்றார் சித்தப்பா. ரயில் நகர்ந்துவிட்டது. உருமாவின் ஆரஞ்சு வால் மட்டும் கதவுக்கு வெளியே கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டு போனது. அவர் கொடி எதுவும் ஆட்டவில்லை. கையை மட்டும் தூக்கினார், காலியான கட்டைப்பையோடு.

நாலைந்து நாள் கழித்து செல்வத்திடமிருந்து போட்டோ வந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே, பட்டாளத்துக் கொட்டகையில், அவன் தலையில் அதே உருமா. மிச்சமிருக்கும் வால் பக்கத்துக் கட்டில்காரர் கழுத்தில். ‘காது பத்திரம்க்கா’ என்று ஒரு வரி. உடனே கூப்பிட்டேன். “டேய், அன்னைக்கு உங்கப்பா என்ன சொன்னாருன்னு தெரியுமா?” என்று கேட்டு, போன் போடச் சொன்னதைச் சொன்னேன். “சரிக்கா, வைக்கேன்” என்று உடனே வைத்துவிட்டான்.

நேற்று சித்தப்பாவிடமிருந்து போன்.

“ஏட்டி வித்யா. அவன் போன் போட்டான்.”

“அப்படியா! என்ன பேசுனீங்க சித்தப்பா?”

“என்னத்தப் பேச... மிஷினு இங்க சும்மா நிக்கு, பாக்கவே கஷ்டமா இருக்குன்னு சொன்னேன். அங்க இன்னும் எம்புட்டுத் தலை இருக்குன்னு கேட்டேன். நெறைய இருக்காம். நூல் எப்ப வாங்கியாருவ?”

நாளைக்கு அந்த ஃபேன்சி ஸ்டோருக்குப் போகிறேன். கடைக்காரர் ஃபேனில் இன்னும் ஒரு பாயிண்ட் மிச்சம் இருக்க வேண்டும்.